பெட்டிக்குள் உலகம் – 14: கனசதுரம், கோளம், நான்முகி

1992 ஏப்ரலில் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரிலிருந்து அல்டிமா 7 என்ற கேம் வெளிவந்தது. செய்தவர்கள் ஆரிஜின் சிஸ்டம்ஸ். பிரிட்டானியா என்ற கற்பனை நாட்டுக்குள் ஒரு தீய சக்தி நுழையப் பார்க்கிறது. அதற்குத் துணைநிற்பவை மூன்று கருவிகள்: ஒரு கனசதுரம், ஒரு கோளம், ஒரு நான்முகி. ஊர் ஊராகப் போய் நல்ல காரியத்துக்குப் பணம் திரட்டும் இருவர் வருகிறார்கள். கடைசியில் பார்த்தால் அவர்களும் அந்தத் தீய சக்தியின் ஆட்கள்தான். பெயர்கள் எலிசபெத், ஏபிரகாம்.

இரு பெயர்களின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் இ.ஏ. கலிஃபோர்னியாவின் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தை எல்லோரும் அப்படித்தான் அழைத்தார்கள். அதன் அன்றைய இலச்சினையில் ஒரு சதுரம், ஒரு வட்டம், ஒரு முக்கோணம் இருந்தன. இரண்டு நிறுவனங்களுக்கும் பழைய பகை உண்டு. எதிராளியின் இலச்சினையையே வில்லனின் ஆயுதமாக்கிப் பழிதீர்த்துக்கொண்டார்கள் ஆஸ்டின்காரர்கள்.

ஐந்து மாதம் போயிற்று. செப்டம்பரில் இ.ஏ. ஆரிஜினை விலைக்கு வாங்கியது. விலை 3.5 கோடி டாலர், ரொக்கமாக இல்லை, பங்குகளாக.

சென்ற அத்தியாயத்தில், நெகிழ்வட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கடையில் தொங்கவிட்டு விற்ற காலத்தைப் பார்த்தோம். ரிச்சர்ட் கேரியட் அந்தக் காலத்துப் பையன். பள்ளியில் படிக்கும்போது எழுதிய முதல் கேமை ஹூஸ்டன் பக்கத்தில் தான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் கடையிலேயே அப்படித்தான் விற்றான். அப்பா ஓவன் கேரியட் நாசாவின் விண்வெளி வீரர், ஸ்கைலாப் நிலையத்தில் இருந்துவிட்டு வந்தவர். 1983-இல் அப்பா, அண்ணன் ராபர்ட், நண்பர் சக் பியூச் ஆகியோருடன் சேர்ந்து ரிச்சர்ட் தொடங்கியதுதான் ஆரிஜின். ‘உலகங்களைப் படைக்கிறோம்’ என்பதே அவர்களுடைய முழக்கம். அல்டிமா வரிசையும், கிறிஸ் ராபர்ட்ஸின் விங் கமாண்டரும் அந்த முழக்கத்தை வாய்ச்சொல்லாக விடவில்லை.

அப்படிப்பட்டவர்கள் ஏன் எதிரியிடமே போய் நின்றார்கள்? காரணம் கைக்காசு. 1980-களின் தொடக்கத்தில் ஒரு கேமை ஒருவர் தன் அறையில் உட்கார்ந்து எழுதி முடித்துவிடலாம். பத்து ஆண்டுக்குள் அதற்கு ஓவியர்கள், இசைஞர்கள், நிரலாளர்கள் என்று ஒரு படையே தேவைப்பட்டது. கேம் வெளிவரும்வரை ஒரு டாலர்கூட உள்ளே வராது, சம்பளம் மட்டும் மாதாமாதம் வெளியே போகும். ஆரிஜினின் ஸ்ட்ரைக் கமாண்டர் என்ற கேம் இழுத்துக்கொண்டே போய் 1993-இல்தான் கடைக்கு வந்தது. அதற்குள் பெட்டியில் போடவேண்டிய நெகிழ்வட்டுகளின் எண்ணிக்கையும் கூடிக்கொண்டே போனது. வட்டின் விலை அட்டைப்பெட்டி விலையைப் போல அற்பமானதும் இல்லை. படம் பாதியில் நிற்கும்போது ஃபைனான்சியரைத் தேடும் தயாரிப்பாளரின் நிலை என்று சொன்னால் நம் வாசகர்களுக்கு உடனே புரியும்.

வாங்கியவரின் கதையையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆப்பிளில் வேலை பார்த்த டிரிப் ஹாக்கின்ஸ் 1982-இல் தொடங்கியதுதான் இ.ஏ. முதலில் ‘அமேசின் சாஃப்ட்வேர்’ என்று ஒரு பெயர் இருந்தது. அது பிடிக்காமல் ‘எலக்ட்ரானிக் ஆர்ட்டிஸ்ட்ஸ்’ என்று வைக்கலாம் என்றார்கள். ‘கலைஞர்கள் நாமா? கேமை எழுதுகிற வெளியாட்கள் அல்லவா?’ என்று உள்ளேயே எதிர்ப்பு வந்தது. அதனால் பெயர் ‘ஆர்ட்ஸ்’ ஆனது. நிரல் எழுதியவர்களை ராக் இசைக்குழுவைப் போல் நிற்கவைத்து எடுத்த கறுப்புவெள்ளைப் படத்தை விளம்பரமாகப் போட்டார்கள். கேம் பெட்டியை இசைத்தட்டின் உறைபோல் வடிவமைத்து, செய்தவரின் பெயரை அதில் அச்சிட்டார்கள். கேம் எழுதுபவனுக்குப் பெயரே இல்லாதிருந்த தொழிலில் அது சிறிய காரியமில்லை. பிற்பாடு எத்தனையோ படைப்பாளிகளின் கூடாரங்களைக் காலிசெய்த நிறுவனம் பிறக்கும்போது இப்படித்தான் இருந்தது.

மாற்றம் விற்பனைப் பிரிவிலிருந்து வந்தது. 1984-இல் விற்பனைத் துணைத் தலைவராகச் சேர்ந்த லாரி ப்ராப்ஸ்ட், மொத்த வியாபாரிகளை நம்பாமல் கடைகளுக்கு நேரடியாகச் சரக்கு போடும் ஏற்பாட்டை வளர்த்தார். 1991-இல் அவரே தலைமைச் செயல் அதிகாரி ஆனார். நேரடி விற்பனைக்கு ஆட்கள் வேண்டும், கிடங்கு வேண்டும், எல்லாவற்றுக்கும் மாதச்செலவு உண்டு. அந்த இயந்திரம் ஓடவேண்டுமானால் அதற்குள் எப்போதும் புதுச் சரக்கு விழுந்துகொண்டே இருக்கவேண்டும். வெளியாட்கள் எப்போது முடித்துத் தருவார்கள் என்று வாயைப் பார்த்துக்கொண்டிருந்தால் கட்டுப்படியாகாது. ஸ்டூடியோக்களை வாங்கும் பசி இங்கேதான் பிறந்தது. போட்டியாளரை ஒழித்துக்கட்டவே வாங்கினார்கள் என்று ரசிகர்கள் காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். நான் அதை நம்பவில்லை. இழுத்து மூடுவதற்காக யாரும் கோடிக்கணக்கில் கொட்டுவதில்லை. நன்றாக நடத்தலாம் என்று நினைத்துத்தான் வாங்கினார்கள், எனக்கு அதுதான் இன்னும் வருத்தமாக இருக்கிறது.

இ.ஏ.வுக்குச் சோறு போட்டது விளையாட்டுப் பிரிவு. ஜான் மேடன் பெயரில் அமெரிக்கக் கால்பந்து, 1993-இலிருந்து ஃபிஃபா. லீக் பருவம் தொடங்கும்போது கேம் கடையில் இருந்தாக வேண்டும். ஆட்டக்காரர் பட்டியல் மாறும், மேடனில் ஆண்டெண் மாறும், மற்றதெல்லாம் பெரும்பாலும் போன ஆண்டுடையது. இந்த நாட்காட்டிக்குப் பழகிய அதிகாரியின் கண்ணில், ‘இன்னும் சரியாக வரவில்லை, ஆறு மாதம் கொடுங்கள்’ என்று கேட்பவர் ஒழுங்கில்லாதவராகத்தான் தெரிவார். முதல் மேடன் கேமே முடிய நான்கு ஆண்டு ஆனது, அலுவலகத்துக்குள்ளேயே அதை ‘டிரிப்பின் பைத்தியக்காரத்தனம்’ என்று கேலி செய்தார்கள். 1992-இல் அதை யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

புதிய முதலாளியின் கீழ் வந்த முதல் பெரிய அல்டிமா, 1994-இல் வெளியான எட்டாம் பாகம். குறித்த தேதிக்குள் வரவேண்டும் என்பதற்காக உள்ளடக்கம் வெட்டப்பட்டது. தேதிக்கு அடிபணிந்தது தன் தவறு என்று கேரியட்டே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். கல்லுக்குக் கல் தாவவேண்டியிருந்த அந்த விளையாட்டுக்கு ரசிகர்கள் மாரியோவை நினைவூட்டும் ஒரு கேலிப் பெயரைச் சூட்டினார்கள். தொடரின் பெயரை வைத்து வாங்கியவர்கள் ஏமாந்தார்கள்.

ஆனால் இந்தக் கதையில் இ.ஏ.வை முழுக் குற்றவாளியாக்கவும் முடியாது. இணையத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகில் சேர்ந்து ஆடும் அல்டிமாவைச் செய்யவேண்டும் என்று கேரியட் மேலிடத்தில் கேட்டுக்கேட்டு அலுத்தார். விற்பனைப் பிரிவின் கணிப்பில் அது சில பத்தாயிரங்களைத் தாண்டாது. கடைசியில் ப்ராப்ஸ்ட் 2.5 லட்சம் டாலர் ஒதுக்கினார், முன்மாதிரி செய்து காட்டச் சொன்னார். சோதனைப் பதிப்பின் குறுவட்டு வேண்டுமானால் 5 டாலர் அனுப்புங்கள் என்று அறிவித்தார்கள். சுமார் 50,000 பேர் அனுப்பினார்கள். முடியாத ஒரு கேமைச் சோதித்துப் பார்க்கும் வேலைக்கு, வேலை செய்பவனே காசு கொடுத்த விந்தை அது. 1997 செப்டம்பரில் வெளியான அல்டிமா ஆன்லைன் சில மாதங்களில் 1 லட்சம் சந்தாதாரர்களைத் தொட்டது. சிறிய நிறுவனமாகவே இருந்திருந்தால் ஆரிஜினால் அத்தனை சர்வர்களுக்குச் செலவழித்திருக்க முடியுமா என்பது சந்தேகம்.

இந்த வெற்றிதான் கடைசியில் ஆரிஜினைக் காலிசெய்தது. மாதச் சந்தாவின் ருசியைக் கண்டபின், ஆஸ்டின் இனி இணைய விளையாட்டு மட்டும் செய்தால் போதும் என்று மேலிடம் முடிவெடுத்தது. ஒன்பதாம் அல்டிமா ஆள் பற்றாக்குறையிலும் அவசரத்திலும் சிக்கி, 1999 நவம்பரில் பிழைகளோடு வெளியானது. கிறிஸ் ராபர்ட்ஸ் 1996-லேயே போய்விட்டிருந்தார். 2000-இல் கேரியட்டும் வெளியேறினார். 2001-இல் அல்டிமா ஆன்லைனின் இரண்டாம் பாகம் பாதியில் கைவிடப்பட்டது. 2004-இல் ஆஸ்டின் அலுவலகத்தைப் பூட்டியபோது, அதை ஆரிஜின் ஆக்கியவர்களில் பெரும்பாலோர் அங்கே இல்லை. (கேரியட் 2008-இல் சொந்தச் செலவில் விண்வெளி நிலையத்துக்குப் போய், அப்பாவின் வழியில் விண்வெளி கண்டு திரும்பினார். அது வேறு கதை.)

இதே வரிசையில் இங்கிலாந்தின் கில்ட்ஃபர்டு நகரத்து புல்ஃப்ராக் வருகிறது. அதன் பிறப்பே ஒரு குழப்பம். பீட்டர் மாலினியூவும் லெஸ் எட்கரும் டாரஸ் என்ற பெயரில் மத்திய கிழக்குக்குத் தகர டப்பா பீன்ஸ் ஏற்றுமதி செய்துகொண்டிருந்தார்கள். ‘டோரஸ்’ என்ற மென்பொருள் நிறுவனம் என்று தவறாக நினைத்து கமடோர் நிறுவனம் அவர்களைக் கூப்பிட்டு, அமிகா கணினிகளை இலவசமாகத் தருவதாகச் சொன்னது. உண்மையைச் சொல்லாமல் வாங்கிவந்துவிட்டதாக மாலினியூவே பலமுறை சொல்லியிருக்கிறார். 1989-இல் அவர்கள் செய்த பாப்புலஸ், ஆடுபவரைக் கடவுளாக்கி மலையையும் சமவெளியையும் விரலசைவில் மாற்றவைத்த கேம். 1995-இல் இ.ஏ. புல்ஃப்ராக்கை வாங்கியது. மாலினியூவுக்குத் துணைத் தலைவர் பதவி கிடைத்தது. கேம் செய்தவர் கூட்டங்களில் உட்கார்ந்தார். இரண்டாண்டு தாங்கினார். டஞ்சன் கீப்பரைத் தன் வீட்டில் வைத்து முடித்துக்கொடுத்துவிட்டு 1997-இல் லயன்ஹெட் என்ற புது நிறுவனம் தொடங்கினார். புல்ஃப்ராக்கைத் தனியாக மூடும் விழாகூட நடக்கவில்லை. 2001-இல் இ.ஏ.வின் பிரிட்டிஷ் கிளைக்குள் கரைந்துபோனது.

அந்த லயன்ஹெட்டை 2006-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கி, 2016-இல் மூடியது. கிறிஸ் ராபர்ட்ஸ் தொடங்கிய டிஜிட்டல் ஆன்வில்லையும் மைக்ரோசாஃப்ட்டே 2000-இல் வாங்கி, 2006-இல் மூடியது. ஆக இது ஒரு முதலாளியின் குணக்கேடு என்று சொல்லித் தப்ப முடியாது.

வாங்கப்படும்போது என்ன நடக்கிறது என்பதைச் சற்று நின்று பார்க்கவேண்டும். ஒரு ஸ்டூடியோவிடம் நாற்காலி, மேசை, கணினி தவிர என்ன சொத்து இருக்கிறது? கேம்களின் பெயர்கள், அவற்றின் உரிமை, அப்புறம் ஆட்கள். பெயரையும் உரிமையையும் பத்திரம் எழுதி மாற்றிக்கொள்ளலாம். ஆளை எழுதி வாங்க முடியாது. அதனால்தான் பங்குகளைத் தவணை முறையில் கொடுக்கிறார்கள்: இத்தனை ஆண்டு இருந்தால் இத்தனை பங்கு. பொன் விலங்குதான், ஆனால் அதற்குத் தேதி உண்டு. தேதி முடிந்த அடுத்த மாதம் திறமைசாலி ராஜினாமா கடிதத்தோடு நிற்பார். சொத்து மதிப்புக்கு மேல் கொடுத்த தொகை கணக்குப் புத்தகத்தில் ‘நற்பெயர்’ என்ற தலைப்பில் ஏறுகிறது. அந்த நற்பெயரைச் சம்பாதித்தவர்கள் ஒவ்வொருவராக வாசல் தாண்டிப் போவதைப் பதிவுசெய்ய அந்தப் புத்தகத்தில் பத்தி கிடையாது. என் கணக்கில் ஸ்டூடியோ சாவது அப்போதுதான். பூட்டு சில ஆண்டு கழித்து வருகிறது, ஏற்கெனவே காலியான வீட்டுக்கு.

லாஸ் வேகாஸின் வெஸ்ட்வுட் இதற்கு நல்ல சாட்சி. பிரெட் ஸ்பெரியும் லூயிஸ் கேசலும் 1985-இல் தொடங்கியது. 1992-இல் அவர்கள் செய்த டியூன் 2, கட்டளையிட்டுப் படை நடத்தும் நிகழ்நேர வியூக விளையாட்டுகளுக்கு இலக்கணம் வகுத்தது: வளத்தைச் சேகரி, கட்டடம் எழுப்பு, படை திரட்டு, எதிரி வரும்முன் தாக்கு. 1995-இல் கமாண்ட் அண்ட் காங்கர், அடுத்த ஆண்டு ரெட் அலர்ட். 1998 ஆகஸ்டில் இ.ஏ. 12.25 கோடி டாலர் கொடுத்து, வர்ஜின் நிறுவனத்தின் வட அமெரிக்கப் பிரிவோடு சேர்த்து வெஸ்ட்வுட்டை வாங்கியது. ஸ்பெரியும் கேசலும் அப்பாவிகள் என்றும் சொல்லமாட்டேன். அவர்கள் 1992-லேயே வர்ஜினிடம் கம்பெனியை விற்றவர்கள், 1998-இல் கைமாறியது விற்ற பொருள்.

வாங்கிய உடனேயே பழைய ஆட்கள் பலர் கிளம்பினார்கள். 2002-இல் வந்த ரெனிகேடும், எர்த் அண்ட் பியாண்ட் என்ற சந்தா விளையாட்டும் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. 2003 ஜனவரியில் மூடுவதாக அறிவிப்பு வந்தது. மார்ச்சில் மூடினார்கள். நம்மூரைப் போலவே இ.ஏ.வின் நிதியாண்டும் மார்ச் 31-இல் முடிகிறது. விருப்பமுள்ளவர்கள் லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்டூடியோவுக்கு மாறலாம் என்றார்கள். வீடு வாங்கி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துக் குடியேறிவிட்ட ஒருவரிடம் ‘அடுத்த மாநிலத்துக்கு வா’ என்பது வேலை கொடுப்பதா, வேலையைப் பறிப்பதா என்று தெரியவில்லை. ஆரிஜின்காரர்களுக்கும் மறு ஆண்டு இதே சலுகைதான் கிடைத்தது.

ஊர் ஊராக இருந்த பட்டறைகளை ஒரே வளாகத்துக்குக் கொண்டுவந்தால் செலவு குறையும், மேற்பார்வை எளிதாகும் என்பது அன்றைய இ.ஏ.வின் தீர்மானமான நம்பிக்கை. அதோடு, ஒரு கேமின் செலவு ஏற ஏற, ஆண்டுக்கு வெளியிடும் கேம்களின் எண்ணிக்கையைக் குறைத்து, நிச்சயமாக ஓடும் நாலைந்தில் பணத்தைக் குவிப்பதுதான் லாபம் என்று எல்லாப் பெரிய வெளியீட்டாளர்களும் கண்டுகொண்டார்கள். நிறையச் சரக்கு வேண்டும் என்று வாங்கிய பட்டறைகள், குறைந்த சரக்கு போதும் என்றானதும் உபரி ஆயின.

2008 பிப்ரவரியில் ஒரு விசித்திரம் நடந்தது. இ.ஏ.வின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி ஜான் ரிச்சிட்டெல்லோ தொழில்துறை மாநாடு ஒன்றில் பேச எழுந்தார். ஆரிஜின், புல்ஃப்ராக், வெஸ்ட்வுட் மூன்றையும் பெயர் சொல்லி, அவற்றைப் பாழடித்தது நாங்கள்தான், அதில் எனக்கும் பங்குண்டு என்று ஒப்புக்கொண்டார். 1997 முதல் 2004 வரை அங்கே இரண்டாமிடத்தில் இருந்தவர் அவர். வெஸ்ட்வுட்டை வாங்கியதும் மூடியதும் அந்தக் காலத்தில்தான். இனி ஒவ்வொரு ஸ்டூடியோவும் பழங்கால நகர அரசைப் போலத் தன் பண்பாட்டோடு தனித்து இயங்கும் என்றார். அந்த மாநாடு நடந்த ஊர் லாஸ் வேகாஸ். பெரிய நிறுவனத்தின் தலைவர் பொதுமேடையில் இப்படிப் பேசுவது அபூர்வம், மனப்பூர்வமாகத்தான் பேசினார் என்றே நினைக்கிறேன்.

அந்த நகர அரசுகளில் ஒன்று பாண்டமிக். பயோவேரோடு சேர்த்து அதை வாங்கும் ஒப்பந்தம் 2007 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. விற்றது எலிவேஷன் பார்ட்னர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம், அதை நிறுவியவர்களில் ஒருவர் இதே ரிச்சிட்டெல்லோ. பிறகு உலகப் பொருளாதாரம் சரிந்தது. 2009 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் இ.ஏ.வின் நஷ்டம் 100 கோடி டாலரைத் தாண்டியது. அந்த நவம்பர் 9-ஆம் தேதி இரண்டு செய்திகள் ஒன்றாக வந்தன. ஒன்று, 1,500 பேரை வீட்டுக்கு அனுப்புகிறோம். இரண்டு, ஃபேஸ்புக்கில் விளையாடும் கேம்களைச் செய்யும் பிளேஃபிஷ் நிறுவனத்தை 27.5 கோடி டாலருக்கு வாங்குகிறோம். சில நாளில் பாண்டமிக் மூடப்பட்டது. அவர்கள் செய்துமுடித்திருந்த சபட்டூர் என்ற கேம் அடுத்த மாதம் கடைக்கு வந்தபோது, செய்தவர்களுக்கு வேலை இல்லை. பிளேஃபிஷ்ஷும் 2013-ஐத் தாண்டவில்லை.

வெஸ்ட்வுட் மூடிய கையோடு, லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போக மறுத்த சிலர் 2003-லேயே லாஸ் வேகாஸில் பெட்ரோகிளிஃப் என்ற சிறு நிறுவனம் தொடங்கியிருந்தார்கள். கமாண்ட் அண்ட் காங்கரையும் ரெட் அலர்ட்டையும் புதுப்பித்து வெளியிட இ.ஏ. முடிவெடுத்தபோது, அந்தப் பழைய நிரலைப் படித்துச் சரிசெய்யத் தெரிந்தவர்களைத் தேடி அங்கேதான் போகவேண்டியிருந்தது. இசைக்கும் பழைய இசையமைப்பாளர் ஃபிராங்க் கிளெபாக்கியே வந்தார். 2020 ஜூனில் வெளியான அந்தப் பதிப்பில் பெட்ரோகிளிஃப் ஒப்பந்தக்காரர், உரிமையாளர் இ.ஏ.

(தொடரும்)